பெல்ட்டுக்கு எண்ணெய் போட்டவன் சம்பந்திக்கு எழுதுவது

மதிப்பிற்குரிய சம்பந்தி அவர்களுக்கும் சம்பந்தியம்மா அவர்களுக்கும், பெண்ணைப் பெற்றவன் தலைகுனிந்து எழுதிக்கொள்வது.

இங்கு அனைவரும் நலம். அங்கும் அனைவரும் நலமாக இருக்க வேண்டும் என்பதே எங்கள் விருப்பம். உண்மையைச் சொன்னால் இங்கு ஒருவரும் நலமாக இல்லை. ஆனால் முதல் வரியிலேயே ஒப்பாரி வைக்கக் கூடாது என்று என் மனைவி முதுகுக்குப் பின்னால் நின்றுகொண்டு சொல்கிறாள், ஆகையால் நலம் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அவள் சமையலறைக்குப் போனதும் மீதியை எழுதுகிறேன்.

போனிலேயே பேசியிருக்கலாமே, இந்தக் காலத்தில் யார் கடிதம் எழுதுகிறார்கள் என்று தாங்கள் நினைக்கலாம். போன் செய்தேன். தங்கள் போனுக்கே காது வலித்திருக்கும், அத்தனை தடவை செய்தேன். தாங்களும் எடுக்கவில்லை, சம்பந்தியம்மாவும் எடுக்கவில்லை. சரி, நேரிலேயே போய்விடலாம் என்று சட்டையை மாட்டினால் என் மனைவி வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "வாயால கெடுத்ததை வாயாலயே சரி பண்றேன்னு கிளம்பாதீங்க. உங்க வாய் கிளம்பினா எங்க போய் நிக்கும்னு உங்களுக்கே தெரியாது. உட்கார்ந்து எழுதுங்க. எழுதினா அடிச்சாவது திருத்தலாம்" என்றாள். ஆகவே பேனாவை எடுத்தேன். அடித்தல் திருத்தல்களை மன்னிக்கவும்.

முதலில் அந்த வேனைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் அன்று ரோட்டோரத்தில் அது நின்ற நிலையைப் பார்த்து அதைப் பற்றியும் என்னைப் பற்றியும் தாங்கள் ஒரு முடிவுக்கு வந்திருப்பீர்கள். குடிநீர் நிலையத்தில் பம்பு ஆபரேட்டராக இருந்து ஓய்வு பெற்ற கையோடு நான் வாங்கிய வண்டி அது. பழைய டீசல் வண்டி. எனக்கு முன்னால் ஒரு பேக்கரியில் ரொட்டி சுமந்தது, வெயில் ஏறினால் இன்னும் உள்ளே லேசாக ரொட்டி வாசனை வரும், சம்பந்தியம்மா அன்று "யாராவது பன் வெச்சிருக்கீங்களா?" என்று கேட்டது அதனால்தான். வண்டி நம் மகளைவிட வயதில் மூத்தது என்று என் மனைவி எல்லோரிடமும் சொல்வாள். அது பொய். ஒரு வயது இளையது.

இத்தனை பழைய வண்டியை எந்தத் தைரியத்தில் வைத்திருந்தாய் என்று கேட்டால், என் காதை நம்பித்தான். பம்பு ஹவுஸில் நான் வேலை பார்த்தது கண்ணால் இல்லை, காதால். அந்தக் காலத்துப் பம்புகளில் மோட்டாருக்கும் பம்புக்கும் நடுவில் கையளவு அகலத்தில் தோல் பெல்ட் ஓடும். அது தளர்ந்தால் கிறீச் என்று கத்தும். கத்தினால் விளக்கெண்ணெய் தடவுவோம், அடங்கிவிடும். தடவியும் அடங்கவில்லை என்றால் மாற்றுவோம். இவ்வளவுதான் சட்டம். என் ஷிப்ட்டில் ஒரு பெல்ட் அறுந்து ஊர் தண்ணீரில்லாமல் நின்றது கிடையாது, இதை நான் பெருமைக்காகச் சொல்லவில்லை, இல்லை, பெருமைக்காகத்தான் சொல்கிறேன். இப்போதும் பக்கத்து வீட்டுக் குழாய் சொட்டினால் எனக்கு இங்கே கேட்கும். மனைவி கூப்பிடுவது மட்டும் கேட்பதில்லை என்பது அவளுடைய தரப்பு.

எங்கள் தெருக்கோடியில் ஒரு மெக்கானிக் இருக்கிறார். எந்த வேலைக்குப் போய் நின்றாலும் "நாளைக்கு" என்பார், அதனால் அவருக்கு அதுவே பெயராகிவிட்டது, சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் யாருக்கும் தெரியாது. அப்பேர்ப்பட்ட மனிதர் ஒரே ஒரு விஷயத்துக்கு மட்டும் என்னிடம் "இன்னைக்கே" என்றார். டைமிங் பெல்ட். இன்ஜினுக்குள் கீழே ஒன்று சுற்றுகிறதாம், மேலே ஒன்று சுற்றுகிறதாம், இரண்டும் ஒரே தாளத்தில் சுற்ற வேண்டுமாம், அந்தத் தாளத்தைப் பிடித்து வைத்திருப்பது பல் வைத்த ஒரு ரப்பர் பெல்ட்டாம். அது போய்விட்டால் கீழிருந்து வருகிற பிஸ்டனும் மேலே திறந்து நிற்கிற வால்வும் முட்டிக்கொள்ளுமாம், அப்புறம் இன்ஜினைக் கழற்றிப் பார்த்து அழ வேண்டியதுதானாம். "சார், இது வயசானா கண்ணை மூடிக்கிட்டு மாத்திடணும் சார். இது கத்திச் சொல்லாது" என்றார். நான் சிரித்தேன். "கத்தாத பெல்ட்டை நான் பார்த்ததில்லை. அது கத்தட்டும், நான் வர்றேன்" என்றேன். அவரும் பழக்கதோஷத்தில் "சரி, நாளைக்கு வாங்க" என்று சொல்லிவிட்டார்.

இதோடு விட்டிருந்தால்கூட தேவலை. டைமிங் பெல்ட் என்று ஒன்று இருக்கிறது என்று தெரிந்த பிறகு எனக்குக் கை சும்மா இருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை தோறும் அந்த மேல் மூடியைக் கழற்றி, விளக்கெண்ணெயில் கொஞ்சம் மெஷின் ஆயில் கலந்து, பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் பெல்ட்டுக்குத் தடவி வந்தேன். கியரைப் போட்டு வண்டியைக் கையால் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, ஒரு பல் விடாமல் தடவினேன். "கட்டின பொண்டாட்டிக்கு இப்படி ஒரு நாள் தலைக்கு எண்ணெய் வெச்சிருப்பீங்களா?" என்று என் மனைவி ஜன்னல் வழியாகக் கேட்டாள். தாங்கள் குடும்பத்தோடு வருகிற அன்று காலையில் இன்னும் ஒரு கை கூடவே தடவினேன். சம்பந்தி வீட்டார் முன்னால் வண்டி கிறீச் என்று ஒரு சத்தம் போட்டுவிடக் கூடாதே என்ற மரியாதைக்காகத்தான். அது சத்தமே போடவில்லை. கடைசி வரைக்கும் போடவில்லை.

அன்று காலை எவ்வளவு நன்றாக ஆரம்பித்தது! பிள்ளைகள் கல்யாணத்துக்குப் பிறகு குடியேறப் போகிற வாடகை வீட்டை இரண்டு குடும்பமும் சேர்ந்து பார்த்துவிட்டு வரலாம் என்று கிளம்பினோம். குன்றுக்கு அந்தப் பக்கம், மூன்றாவது மாடி, இரண்டு அறை, துணி காயப்போட ஒரு சின்ன பால்கனி. தாங்கள் எல்லா ஜன்னல்களையும் திறந்து மூடிப் பார்த்தீர்கள். நான் எல்லாக் குழாய்களையும் திறந்து காதை வைத்துக் கேட்டேன். சம்பந்தியம்மாவும் என் மனைவியும் அடுப்பு எந்தப் பக்கம் வைப்பது என்று பேசிப் பேசி ஒரே பக்கத்துக்கு வந்து சேர்ந்தார்கள். மாப்பிள்ளையும் நம் மகளும் பால்கனியில் நின்று ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்தச் சிரிப்பைக் கேட்டுத்தான் எனக்கு மனசு குளிர்ந்துபோனது, இறங்கி வந்ததும் வண்டிச் சாவியை எடுத்து மாப்பிள்ளை கையில் கொடுத்தேன். சம்பந்தி, அந்த ஸ்டியரிங்கை நான் யார் கையிலும் கொடுத்ததில்லை. என் சொந்த மைத்துனன் கேட்டு, இல்லை என்று சொல்லி, அவன் ஒரு வருஷம் என்னோடு பேசாமல் இருந்தான். அப்படிப்பட்ட சாவியைக் கொடுத்தேன். "வேண்டாம் மாமா, உங்க வண்டி, நீங்களே ஓட்டுங்க" என்றார் அவர். நான்தான் விடவில்லை. "இனிமே உங்க வண்டியும்தான், உட்காருங்க மாப்பிள்ளை" என்றேன்.

குன்றின் ஏற்றத்தில் பாதி வந்திருப்போம். சம்பந்தியம்மா ஏதோ கேட்க, நான் பதில் சொல்ல வாயைத் திறந்தேன், என் குரல் எனக்கே சத்தமாகக் கேட்டது. அப்போதுதான் இன்ஜின் ஓடவில்லை என்று புரிந்தது. ஒரு இருமல் இல்லை, ஒரு உதறல் இல்லை, பேசிக்கொண்டிருந்த மனிதன் பாதி வார்த்தையில் நிறுத்தின மாதிரி நின்றுவிட்டது. மாப்பிள்ளை பதறாமல் ஓரம் கட்டினார். நான் எட்டிச் சாவியைத் திருகினேன். ஸ்டார்ட்டர் வழக்கத்தைவிட லேசாக, விர்ரென்று சுற்றியது. எதையும் பிடிக்காமல் சும்மா சுற்றுகிற சத்தம் அது, நான் கேட்டிருக்க வேண்டும், என் புகழ்பெற்ற காது அன்று லீவு போட்டுவிட்டது. மாப்பிள்ளை மெதுவாக, "மாமா, டைமிங் பெல்ட் போயிருக்கும்னு நினைக்கிறேன். இதுக்கு மேல சுத்த வேண்டாம், வால்வு வளைஞ்சிடும்" என்றார். அவர் லிஃப்ட் பராமரிக்கிற கம்பெனியில் இருப்பவர், கயிறு, பெல்ட், மோட்டார் எல்லாம் அவருடைய அன்றாடச் சோறு. ஆனால் எனக்கு அந்த நேரத்தில் அவர் லிஃப்ட்காரராகத் தெரியவில்லை, என் வண்டியை முதல் தடவை தொட்டு முதல் தடவையே நிறுத்திய ஆளாகத்தான் தெரிந்தார்.

"பெல்ட்டா? பெல்ட் போனா எனக்குக் கேட்காதா? தள்ளி ஸ்டார்ட் பண்ணினா கிளம்பிடும்" என்றேன். வண்டியைக் குறுக்கே திருப்பி இறக்கத்தைப் பார்க்க நிறுத்தவைத்து, தானாக உருளும் அளவுக்கு அங்கே இறக்கம் இல்லாததால் எல்லோரையும் இறக்கினேன். முட்டி வலி என்பதால் சம்பந்தியம்மாவை மட்டும் உள்ளேயே உட்காரச் சொன்னேன், அந்த அளவுக்கு எனக்கு மனிதத்தன்மை இருந்தது. "நான் தள்றேன் மாமா, நீங்க ஏறி உட்காருங்க" என்று மாப்பிள்ளை இறங்கப் பார்த்தார். "நீங்க கிளட்சைப் பாருங்க. நான் உள்ளே உட்கார்ந்தா வெளியே இன்ஜின் சத்தத்தை யார் கேட்கிறது?" என்று திருப்பி உட்காரவைத்தேன். ஆக, தள்ளியது தாங்கள், என் மனைவி, நம் மகள். நான் பக்கத்தில் நடந்துகொண்டே, பம்பு ஹவுஸில் வால்வு திறக்கும்போது சொல்கிற மாதிரி, "தள்ளு... விடு! தள்ளு... விடு!" என்று சொல்லிக்கொண்டு வந்தேன்.

தாங்கள் கண்ணாடிக் கடைக்காரர், மூக்குக் கண்ணாடியைத் துடைத்தே பழகிய கை. வேனின் பின்கதவையும் அப்படியே துடைத்துக்கொண்டு வந்தீர்கள். "சம்பந்தி, லென்ஸ் இல்லை அது, கொஞ்சம் உடம்பை வளைச்சுத் தள்ளுங்க! பொண்ணு வீட்டு வண்டின்னா கையில பலம் வராதா?" என்று நான் உரிமையோடு கேட்டேனே, நினைவிருக்கிறதா? என் மகளே சிரித்தாள். தாங்களும் சிரித்தீர்கள். அதற்கப்புறம் நன்றாகவே தள்ளினீர்கள். அந்தச் சமயத்தில் நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று எனக்கு மனசு நிறைந்திருந்தது, அதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

ஒவ்வொரு தடவை கிளட்சை விடும்போதும் உள்ளே கடகடவென்று ஏதோ அடித்தது. எனக்கோ அது கிளம்பப் போகிற சத்தமாகப் பட்டது. "போதும் மாமா, நிறுத்துங்க" என்றார் மாப்பிள்ளை. "இன்னும் ஒரு தடவை" என்றேன். மறுபடியும் "வேண்டாம் மாமா, தயவு செஞ்சு நிறுத்துங்க" என்று பிரேக்கைப் போட்டுவிட்டு இறங்கிவிட்டார். முகம் சிவந்திருந்தது. வண்டிக்காக இந்தப் பையன் இவ்வளவு உருகுகிறானே, என் வண்டி மேல் என்னைவிட இவனுக்கு அதிக அக்கறையா என்று எனக்குக் கோபம் ஏறியது. வெயில், பசி, போகிற லாரிக்காரன் எல்லாம் ஹாரன் அடித்துவிட்டுப் போகிறான். அதுவரை "வாங்க, போங்க" என்றிருந்த வாய் "நீ" என்றது. "உன் கையில கொடுக்கிற வரைக்கும் ஒரு சின்னக் குறை சொல்லாத வண்டிடா இது. ஒரு ஏற்றம் ஏத்தத் தெரியல. ஒரு வண்டியையே பார்த்துக்கத் தெரியாதவன்கிட்ட என் பொண்ணை எதை நம்பிக் கொடுக்கிறது?" என்றேன்.

சொன்னது நான்தான், வேறு யாரும் இல்லை.

மாப்பிள்ளை சாவியைத் துடைத்து என் கையில் வைத்தார். நம் மகள் அவரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், போய் வண்டிக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டாள். தாங்கள் கைக்குட்டையால் கையைத் துடைத்துக்கொண்டு, பின்கதவில் கொஞ்ச நேரம் சாய்ந்து நின்றுவிட்டு, "பரவாயில்லை சம்பந்தி, மெஷின்தானே. பஸ் வருது, நாங்க அப்படியே கிளம்பறோம்" என்று சிரித்துக்கொண்டே சொன்னீர்கள். திட்டியிருந்தால் நான் பதிலுக்கு நாலு வார்த்தை பேசி, அப்புறம் சமாதானமாகியிருப்பேன். சிரிக்கிறவரோடு எப்படிச் சண்டை போடுவது?

வீட்டில் என் கதையைக் கேளுங்கள். மகள் என்னோடு பேசுவதில்லை. மருந்துக்கடையில் வேலை முடிந்து வந்ததும் அம்மாவிடம் மட்டும் பேச்சு. நான் எதிரிலேயே உட்கார்ந்திருப்பேன், "அவர் சாப்பிட்டாரான்னு கேளும்மா" என்பாள். நானும் விடாமல் "சாப்பிட்டேன்னு சொல்லு" என்பேன். நடுவில் என் மனைவி இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை தலையைத் திருப்பிவிட்டு, "எனக்குக் கழுத்து வலிக்குது, உங்க பஞ்சாயத்தை நீங்களே தீர்த்துக்குங்க" என்று எழுந்து போய்விடுவாள். கல்யாணம் நடக்குமா என்று மகளிடம் கேட்கச் சொன்னேன். "அவரையே கேட்கச் சொல்லு, அவர்தானே கொடுக்கமாட்டேன்னு சொன்னார்" என்று பதில் வந்தது. அழுதிருக்கிறாள், சம்பந்தி. கண்ணில் தெரியவில்லை, மூக்கடைத்த குரலில் தெரிந்தது. இதைக் கேட்கவா எனக்குக் காது?

வண்டியைக் கட்டி இழுத்துக்கொண்டு "நாளைக்கு" கடையில் போட்டேன். அவர் எதற்கும் அவசரப்படாதவர், என் முகத்தைப் பார்த்து உடனே மூடியைக் கழற்றினார். கழற்றி, விரலால் உள்ளே தொட்டு, விரலை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தார். "சார், என்ன சார் இது, விளக்கெண்ணெய் வாசனை அடிக்குது?" என்றார். நான் பெருமையாகவே விளக்கினேன், அப்போதுகூட எனக்கு உறைக்கவில்லை. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். "சார், இது ரப்பர் சார். எண்ணெய் பட்டா ஊறிப் போயிடும். எங்கேயாவது ஒரு சொட்டு ஆயில் கசிஞ்சு பெல்ட் மேல பட்டாலே பெல்ட்டைத் தூக்கிப் போட்டுடுவோம். நீங்க பிரஷ் வெச்சுத் தடவியிருக்கீங்களே!" பெல்ட்டை வெளியே எடுத்துக் காட்டினார். ஒரு பக்கம் பற்களே இல்லை, வழவழவென்று, பொக்கை வாய் மாதிரி. வால்வுகள் எல்லாம் ஆளுக்கொரு பக்கம் வளைந்திருந்தன. "நின்ன உடனே விட்டிருந்தா இவ்வளவு போயிருக்காது. அப்புறமும் யாரோ சுத்தியிருக்காங்க" என்றார். யார் என்று நான் சொல்லவில்லை. அவருக்குத் தெரிந்துவிட்டது.

ஆக, சம்பந்தி, குற்றம் ஓட்டியவர் மேல் இல்லை. அவர் ஸ்டியரிங்கைத் தொடுவதற்கு எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னாலேயே நான் அந்தப் பெல்ட்டைக் கொன்றுவிட்டேன். சாவதற்கு அது அன்றைய தினத்தைத் தேர்ந்தெடுத்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளை தங்கமான பையன். சொன்னது அத்தனையும் சரி. அத்தனை பேர் நடுவில் நான் அவமானப்படுத்தியும் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசவில்லை. இப்படி ஒருவரை நான் தேடிப் போயிருந்தாலும் கிடைக்கமாட்டார், நம் மகள் தானாகத் தேடிக் கொண்டுவந்தாள், அதை நான் நடுரோட்டில் போட்டு உடைத்துவிட்டேன். தாங்கள் பெரிய மனசு பண்ணி மாப்பிள்ளையிடம் எடுத்துச் சொல்லி, பேசி முடித்த கல்யாணத்தை நடத்திவைக்க வேண்டும். இனி அவரை நான் ஒரு சொல் சொல்லமாட்டேன். அந்த வண்டியையும் எடைக்குப் போட்டுவிட முடிவு செய்துவிட்டேன். அது வாசலில் நிற்கும்வரை எனக்குப் புத்தி வராது என்று என் மனைவி சொல்கிறாள், சரியாகத்தான் சொல்கிறாள்.

எழுதியதில் மரியாதைக் குறைவு ஏதும் இருந்தால் பொறுத்துக்கொள்ளவும். சம்பந்தியம்மாவின் முட்டிவலிக்கு என் மனைவி ஒரு தைலம் வைத்திருக்கிறாள், அடுத்த முறை தருவாள். அடுத்த முறை என்று ஒன்று இருக்க வேண்டும் என்பதே எங்கள் பிரார்த்தனை. தங்கள் கடையில் கூட்டமும், வீட்டில் சிரிப்பும் குறையாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாக இருக்க இன்னும் ஆசைப்படுபவன்.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உறையில் போடுவதற்கு முன் ஒரு நாள் மேஜையில் வைத்திருந்தேன். மகள் எடுத்துப் படித்திருக்கிறாள். இத்தனை நாளுக்குப் பிறகு நேராக என்னிடமே பேசினாள். "நல்லாத்தான் எழுதியிருக்கீங்க. ஆனா திட்டினது அவரை. லெட்டர் அவங்கப்பாவுக்கு. ஏன்பா?" என்றாள். பெரியவர்கள் விஷயம், பெரியவர்களுக்குள்தானே பேசிக்கொள்ள வேண்டும் என்றேன். "அவர் என்ன, ஒருத்தர் சொல்லி ஒருத்தர் எடுத்து வைக்கிற சாமானா? போய் அவர்கிட்டயே கேளுங்க" என்றாள். எனக்கு அது நியாயமாகப் பட்டது. ஆகவே மேலே எழுதியது எல்லாம் ரத்து, நேரில் முடித்துக்கொள்கிறேன் என்று இன்று காலை கிளம்பிப் போனேன்.

மாப்பிள்ளை ஒரு பெரிய ஆபீஸ் கட்டடத்தின் மொட்டைமாடியில், லிஃப்ட் மோட்டார் இருக்கிற அறையில் வேலையாக இருந்தார். லிஃப்ட்டை நிறுத்தி வைத்திருந்ததால் படியேறிப் போனேன். மூச்சு வாங்க நின்றவனைப் பார்த்து ஓடி வந்து, ஸ்டூல் போட்டு, தண்ணீர் கொடுத்தார். நான் சொல்ல வேண்டியதை எல்லாம் சொன்னேன். எண்ணெய் தடவியதையும் சொன்னேன், உன்னை அப்படிப் பேசியது தப்பு, மன்னிச்சுடுப்பா என்றும் சொன்னேன். அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். "என்னைப் பேசினதை நான் அன்னைக்கே மறந்துட்டேன் மாமா. பெல்ட்டும் போகட்டும். எங்கப்பாவுக்கு வயித்துல ஆபரேஷன் ஆகி ரொம்ப நாள் ஆகல. பாரம் தூக்கக் கூடாது, தள்ளக் கூடாதுன்னு டாக்டர் சொல்லியிருக்கார்" என்றார்.

நான் ஸ்டூலிலிருந்து எழுந்துவிட்டேன். ஏன் அன்றே சொல்லவில்லை என்று கேட்டேன். "சொல்ல வாயெடுத்தேன். அப்பா கண்ணாலயே வேண்டாம்னுட்டார், அம்மாவையும் அப்படித்தான் அடக்கிட்டார். பொண்ணு வீட்டுக்காரங்க முன்னாடி முடியலைன்னு சொல்ல அவருக்குக் கூச்சம். நீங்க வேற கையில பலம் இல்லையான்னு கேட்டீங்க. அப்புறம் அவர் பல்லைக் கடிச்சுக்கிட்டுத் தள்ளினார். எனக்குக் கண்ணாடியில அவர் முகம் தெரிஞ்சது மாமா. பிரேக் போட்டா அவருக்கு இன்னும் பாரம். போடலைன்னா நீங்க இன்னும் தள்ளச் சொல்வீங்க. நான் வால்வுக்காகவா உங்களைக் கெஞ்சினேன்?" என்றார். அன்றிலிருந்து தாங்கள் வலியோடு படுத்திருப்பதையும், டாக்டர் மறுபடி பார்த்துவிட்டுப் போனதையும் அப்புறம்தான் சொன்னார். நம் மகளுக்குக்கூடத் தெரியாது. தங்களைப் போனை எடுக்க விடாதது மாப்பிள்ளைதானாம். "எடுத்தா அப்பா 'பரவாயில்லை சம்பந்தி'ன்னு சொல்லிடுவார். அதை நீங்களும் நம்பிடுவீங்க" என்றார்.

கல்யாணம் என்று இழுத்தேன். "உங்க பொண்ணு மேல எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. ஆனா எங்கப்பாவை அப்படி வேலை வாங்கின வீட்டுல நான் எப்படி மாமா வந்து உட்கார்ந்து சாப்பிடுவேன்? அவர் மனசாரச் சரின்னு சொல்லட்டும். வாயால சொல்ற சரி வேண்டாம்" என்று சொல்லிவிட்டு மோட்டார் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து மேலே எழுதிய பக்கங்களை மறுபடி படித்தேன். பெல்ட்டுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன், வால்வுக்காக வருத்தப்பட்டிருக்கிறேன், என் காதுக்காகக்கூட வருத்தப்பட்டிருக்கிறேன். தாங்கள் தள்ளியதைப் பற்றி எழுதியது ஓர் இடத்தில்தான், அதுவும் சிரிப்பு மூட்டுவதற்காக. தங்களை வண்டி தள்ள விட்டுவிட்டு நான் கையை வீசிக்கொண்டு நடந்து வந்ததை ஒரு தப்பு என்று எனக்கு எழுதவே தோன்றவில்லை. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டு வேறு எழுதச் சொன்னாள் என் மனைவி. கிழிக்கவில்லை. தாங்கள் சம்பந்தம் செய்துகொள்ளப் போவது எப்படிப்பட்ட ஆளோடு என்று தங்களுக்குத் தெரிய வேண்டும். வண்டியை எடைக்குப் போடுகிறேன் என்று எழுதினேனே, அதுவும் பொய், போட மனசு வரவில்லை, "நாளைக்கு" இன்ஜினைக் கழற்றிக்கொண்டிருக்கிறார்.

ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸில் வருகிறேன். மனைவி, மகள் யாரையும் கூட்டி வரவில்லை, அவர்கள் பக்கத்தில் இருந்தால் தங்களுக்குப் பேச வராது. எழுந்து வந்து வரவேற்க வேண்டாம், படுத்தபடியே இருங்கள். வயிறு எந்த இடத்தில் வலிக்கிறது என்று சொல்லுங்கள், அன்று நான் கத்தியபோது மனசுக்குள் என்னை என்னவென்று திட்டினீர்கள் என்று சொல்லுங்கள், கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். கல்யாணத்துக்குச் சரி என்று சொல்வதும் இல்லை என்று சொல்வதும் தங்கள் விருப்பம். கையெடுத்துக் கும்பிட்டு ஒன்றே ஒன்று கேட்கிறேன், சம்பந்தி. "பரவாயில்லை" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.